ஆய்வகத்துச் சாக்லேட்டும் அண்ணாச்சி கடைச் சாக்லேட்டும்

"சாக்லேட் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சின் வேரைத் தேடிக்கொண்டு போனால் பனாமா நாட்டின் கரீபியக் கடலோரத் தீவுகளில் போய் நிற்க வேண்டியிருக்கும். முன்பு சான் பிளாஸ் என்றார்கள், இப்போது குணா யாலா. அங்கே குணா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1944-இல் பி. எச். கீன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் அவர்களுடைய ரத்த அழுத்தத்தை அளந்து ஒரு கட்டுரை எழுதினார். வயசானால் பிரஷர் வரத்தான் செய்யும் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம் இல்லையா? அந்தத் தீவுகளில் வயசானவர்களுக்கும் ஏறவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் நார்மன் ஹாலன்பெர்க் அந்தக் கட்டுரையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனார். அவர் தேடிப் போனது சாக்லேட்டை இல்லை, மரபணுவை. உயர் ரத்த அழுத்தம் வராமல் காக்கும் ஏதோ ஒன்று அந்த மக்களின் உடம்பிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஆனால் பிழைப்புக்காகப் பனாமா நகரத்துக்குக் குடியேறிய குணாக்களை அளந்தபோது, ஊரார் எல்லாருக்கும் போலவே அவர்களுக்கும் பிரஷர் இருந்தது. ஆக மரபணு காரணமில்லை. உப்பு குறைவாகச் சாப்பிடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை, நன்றாகவே உப்புப் போட்டுச் சாப்பிட்டார்கள். அப்புறம்தான் அவர்கள் நாள் முழுக்கக் குடிக்கும் கோகோ பானம் கண்ணில் பட்டது. தீவில் இருக்கிறவர்கள் அதிகம் பதப்படுத்தாத கோகோவைக் குடித்தார்கள். நகரத்துக்குப் போனவர்கள் கடைப் பாக்கெட்டுக்கு மாறியிருந்தார்கள்.

2007-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை ஒன்று இறப்புச் சான்றிதழ்களை வைத்துக் கணக்குப் போட்டது. தீவுகளில் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 9 பேர் இதய நோயால் இறந்தார்கள், பெருநிலப்பகுதியில் 83 பேர். பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தீவில் ஒருவர் எதனால் இறந்தார் என்பதைச் சான்றிதழில் யார், எதைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்று எனக்கு முதலில் தோன்றியது. படகு துடுப்புப் போட்டு, மீன் பிடித்து, வாழைக்காயும் மீனும் தின்று, நெருங்கிய சொந்தத்துக்குள் வாழ்கிறவர்களையும் நகரத்துச் சேரியில் கூலிவேலை செய்கிறவர்களையும் ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் கோகோவில்தான் என்று எப்படிச் சொல்வது? பின்னாளில் அங்கே போன ஆய்வாளர்கள், அந்த மக்கள் உண்மையிலேயே அவ்வளவு கோகோ குடிக்கிறார்களா என்பதையே கேள்விக்குள்ளாக்கினார்கள். ஹாலன்பெர்க்கின் கோகோ ஆய்வுகளுக்குக் கைகொடுத்தது மார்ஸ் என்ற சாக்லேட் நிறுவனம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணம் வந்தது என்பதாலேயே ஆய்வு பொய் ஆகிவிடாது. ஆனால் எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, எது கேட்கப்படாமல் போகிறது என்பதைப் பணம் தீர்மானிக்கும். வாழைக்காயும் மீனும் கோகோ அளவுக்கு ஆராயப்பட்டிருந்தால் இன்று என்ன பேசிக்கொண்டிருப்போமோ.

சரி, தீவுக் கதையைத் தள்ளி வைத்துவிட்டாலும் கோகோவில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ஃபிளவனால் என்ற வகைச் சேர்மங்கள் கோகோக் கொட்டையில் ஏராளம். அதில் முக்கியமானது எபிகேட்டச்சின். ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்தால் குழாய் தளரும், விரியும், ரத்தம் சுலபமாக ஓடும். இந்தச் சமிக்ஞையைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. நெஞ்சு பிடிக்கிறது என்றால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார்களே சார்பிட்ரேட், அது வேலை செய்வதும் இந்த நைட்ரிக் ஆக்சைடு வழியில்தான்.

2003-இல் ஹாலன்பெர்க் குழு 27 ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்து நாள் ஃபிளவனால் நிறைந்த கோகோ கொடுத்தது. ரத்தக்குழாய்கள் விரிந்தன. பிறகு நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதைத் தடுக்கும் மருந்தை ஏற்றினார்கள், விரிவு அடங்கிவிட்டது. இது எனக்குப் பிடித்த சோதனை. தீவுக்காரர்களைப் பற்றிய ஊகம் எதுவும் இதற்குத் தேவையில்லை. கோகோவில் இருக்கிற ஒன்று, தெரிந்த ஒரு வழியில், ரத்தக்குழாயை விரிக்கிறது. அவ்வளவுதான், ஆனால் அது உறுதி.

எவ்வளவு விரிக்கிறது, அதனால் பிரஷர் எவ்வளவு இறங்கும் என்று கேட்டால் உற்சாகம் கொஞ்சம் வடிந்துவிடும். 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 35 சோதனைகளை, 1,804 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சராசரி இறக்கம் இரண்டு புள்ளிக்கும் கொஞ்சம் கீழே, துல்லியமாக 1.76. ஏற்கெனவே உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் நான்கு புள்ளி இறங்கியது. அந்தச் சோதனைகளில் கொடுக்கப்பட்ட ஃபிளவனால் சராசரியாக நாளுக்கு 670 மில்லிகிராம். பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை. நாலு புள்ளியைச் சும்மா சொல்லக்கூடாது, ஒரு நாட்டு மக்கள் எல்லாருக்கும் நாலு புள்ளி இறங்கினால் பக்கவாதம் கணிசமாகக் குறையும். ஆனால் தனி ஒருவர் காலையில் எழுந்து ஒரு தடவையும், மாடி ஏறி வந்து ஒரு தடவையும் பார்த்தாலே அதைவிட அதிக வித்தியாசம் காட்டும்.

இதையெல்லாம் நான் தோண்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. ஸ்டென்ட் வைத்த பிறகு வாட்ஸாப்பில் வருவதையெல்லாம் வேதம் போல் படிப்பவர். ஒருநாள் டார்க் சாக்லேட் கட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "டேய், இதுல எண்பத்தஞ்சு பெர்சன்ட்னு போட்டிருக்கு. தினம் ரெண்டு கட்டம் சாப்டுட்டு பிரஷர் மாத்திரைய பாதியாக்கிக்கலாமா?" கூடவே கூடாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் கூடாது என்று அவருக்கு விளங்கும்படி சொல்ல, அந்த எண்பத்தைந்து எதன் எண்பத்தைந்து என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.

அது கோகோவின் பங்கு. ஃபிளவனாலின் பங்கு அதில் எங்கேயும் எழுதப்படுவதில்லை. கோகோ வெண்ணெயும் அந்த எண்பத்தைந்துக்குள் அடக்கம். ஃபிளவனால் இருப்பதோ கொழுப்பு நீங்கிய பகுதியில். அப்படியென்றால் வெண்ணெயை அதிகம் சேர்த்து மொழுமொழுவென்று ஆக்கிய எண்பத்தைந்தும், பொடி தூக்கலாக இருக்கும் எழுபதும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எதில் அதிகம் என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கொட்டையிலிருந்து கட்டியாவதற்குள் நடக்கும் இழப்பு இதைவிடப் பெரிது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிர். தென்னை நிழலில் குட்டை மரங்களின் தண்டிலேயே காய்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அணிலும் எலியும் குடைந்துபோட்ட காய்களையும் கூட. காயை உடைத்தால் வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள். சதை இனிக்கும். நான் ஒரு தோப்பில் சும்மா இருக்காமல் உள்ளே இருந்த கொட்டையைக் கடித்தேன். ஊதா நிறம், பச்சைப்பாக்கை மென்ற மாதிரி வாயெல்லாம் இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு, தண்ணீர் குடித்தும் போகவில்லை. அந்தத் துவர்ப்புதான் ஃபிளவனால்.

சாக்லேட் செய்கிறவர்களுக்கு அந்தத் துவர்ப்பு ஆகாது. அதனால் ஈரக்கொட்டையைக் குவித்தோ பெட்டியில் போட்டோ கிட்டத்தட்ட ஒரு வாரம் புளிக்க வைக்கிறார்கள். குவியல் தானாகச் சூடேறும், கொட்டை செத்து, ஊதா மாறிப் பழுப்பாகும். சாக்லேட்டுக்கே உரிய மணத்துக்கான விதை இங்கேதான் விழுகிறது. இங்கேயே எபிகேட்டச்சினில் பெரும்பகுதி அழிகிறது. பிறகு வெயிலில் உலர்த்தல், தொழிற்சாலையில் வறுவல், அரைப்பு, ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம். நல்ல மணம் வேண்டுமென்றால் நன்றாகப் புளிக்க வேண்டும், ஃபிளவனால் வேண்டுமென்றால் புளிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே கொட்டையிடம் கேட்கிறோம்.

இதற்கு மேல் ஒரு அடி விழுகிறது, அது நெதர்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1828-இல் வான் ஹௌட்டன் குடும்பம் கொட்டையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் அழுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது. அதே குடும்பம்தான் பொடியைக் காரத்தில், அதாவது அமிலத்தைத் தணிக்கும் ஆல்கலியில், பதப்படுத்தும் வழியையும் கொண்டுவந்தது. புளிப்பும் கசப்பும் போய், நிறம் அடர்ந்து, பாலில் சுலபமாகக் கலக்கும். இன்று கேக்குக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகும் கறுத்த பொடி பெரும்பாலும் இந்த வகை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு சந்தையில் விற்கும் பொடிகளை அளந்தது. காரம் படாத பொடியில் கிராமுக்கு 34.6 மில்லிகிராம் ஃபிளவனால். லேசாகக் காரம் பட்டதில் 13.8, நடுத்தரமானதில் 7.8, நன்றாகப் பட்டதில் 3.9. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 மில்லிகிராம் வேண்டுமென்றால் முதல் பொடியில் ஆறு கிராம் போதும், கடைசிப் பொடியில் ஐம்பது கிராமுக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் பெயர் கோகோ பவுடர்தான். டப்பாவின் பின்புறம் அமிலத்தன்மை சீராக்கி என்று எழுதி 500, 501, 524 போன்ற எண்களைப் போட்டிருந்தால் காரம் பட்டது என்று புரிந்துகொள்ளலாம். வீட்டில் சாக்லேட் கேக்கில் சமையல் சோடா போடுகிறோமே, அதுவும் சின்ன அளவில் இதே வேலையைத்தான் செய்கிறது. கேக்கை யாரும் இதயத்துக்காகச் சாப்பிடுவதில்லை என்பதால் போகட்டும்.

நெதர்லாந்து என்றதும் இன்னொன்று. அந்நாட்டின் சுட்ஃபென் நகரத்தில் 470 முதியவர்களைப் பதினைந்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. கோகோ அதிகம் சாப்பிட்ட மூன்றில் ஒரு பங்கினர் இதய நோயால் இறப்பது, குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாக இருந்தது. அதிகம் என்றால் நாளுக்குச் சில கிராம் கோகோ. பாதி! எந்த மாத்திரைக்கும் இது பெரிய சாதனை. காரத்தில் பதப்படுத்துவதைக் கண்டுபிடித்த நாட்டில், அந்தத் தாத்தாக்கள் தின்ற சாக்லேட்டிலும் புட்டிங்கிலும் ஃபிளவனால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. இன்னொரு சாத்தியம் இருக்கிறது. சர்க்கரை, உடல்பருமன், நெஞ்சுவலி என்று வந்தவர்களிடம் டாக்டர் முதலில் நிறுத்தச் சொல்வது இனிப்பை. ஆரோக்கியமாக இருக்கிறவர் எழுபத்தைந்து வயதிலும் கவலையில்லாமல் சாக்லேட் தின்பார். சாக்லேட் ஆரோக்கியத்தைத் தந்ததா, ஆரோக்கியம் சாக்லேட்டை அனுமதித்ததா? இப்படிக் கவனித்துக் குறிப்பெடுக்கும் ஆய்வுகளில் இந்த முடிச்சை முழுசாக அவிழ்க்க வழியில்லை.

சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு உண்மையானது, பாதிப் பேருக்குப் போலி என்று கொடுத்துப் பார்த்தால்தான் அவிழும். அப்படி ஒன்று நடந்தது. காஸ்மோஸ் என்று பெயர். அமெரிக்காவில் 60 வயது தாண்டிய ஆண்களும் 65 தாண்டிய பெண்களுமாக 21,442 பேர். பாஸ்டனில் ஜோஆன் மேன்சனும் ஹோவர்ட் செஸ்ஸோவும் நடத்தினார்கள். செலவுக்கு அரசு நிதியோடு மார்ஸ் பணமும் வந்தது. பாதிப் பேருக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால், அதில் 80 மில்லிகிராம் எபிகேட்டச்சின். கவனியுங்கள், சாக்லேட் இல்லை, கேப்சூல். சர்க்கரையும் கொழுப்பும் இல்லாமல் பிரித்தெடுத்த சாறு. அவ்வளவு ஃபிளவனாலைச் சாக்லேட்டாகக் கொடுத்திருந்தால் ஆய்வு முடிவதற்குள் எல்லாரும் பெருத்திருப்பார்கள்.

சுமார் மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2022-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், பைபாஸ், இதய நோயால் மரணம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியதில் கோகோ பக்கம் 410 பேர், போலி மாத்திரைப் பக்கம் 456 பேர். பத்து சதவீதம் குறைவு. ஆனால் தற்செயலாக வந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாத அளவுக்குத்தான் அந்தக் குறைவு. ஆய்வு கேட்ட முதல் கேள்விக்கு விடை, நிரூபணமாகவில்லை. இதய நோயால் இறந்தவர்களை மட்டும் தனியாக எண்ணினால் 27 சதவீதம் குறைவு. தற்செயல் இல்லை என்று சொல்வதற்கான புள்ளியியல் எல்லைக்கோட்டை இது மயிரிழையில் தாண்டியது. எந்தத் தலைப்பு செய்தியானது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

என் பார்வையில் இந்த 27 சதவீதத்தைக் குப்பையில் போடவும் கூடாது, தலையில் தூக்கி வைத்து ஆடவும் கூடாது. முதல் கேள்வி தவறிப்போன பிறகு இரண்டாம் வரிசைக் கேள்விகளில் ஒன்று ஜெயித்தால், இன்னொரு ஆய்வு அதையே முதல் கேள்வியாக வைத்துச் செய்து பார்க்கும்வரை பொறுக்க வேண்டும். பல விஷயங்களை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பலிக்கும். இதைக் கேலியாக நிரூபித்தவர் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர். ஜெர்மனியில் பதினைந்து பேரளவில் சேர்த்துக்கொண்டு, 18 விஷயங்களை அளந்து, சாக்லேட் தின்றால் சீக்கிரம் இளைக்கலாம் என்று 2015-இல் ஒரு போலிப் பெயரில் கட்டுரை வெளியிட்டார். ஜெர்மனியின் பில்ட் நாளிதழ் உட்பட உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு அவரே உண்மையைச் சொன்னார். இளைத்த செய்தி போன இடமெல்லாம் உண்மை போகவில்லை.

அரசுத் துறைகள் எப்படிப் பேசுகின்றன என்று பார்த்தால் அதுவும் ஒரு பாடம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல், நாளுக்கு 200 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால் ரத்தக்குழாயின் நெகிழ்வைக் காக்க உதவும் என்று ஒப்புக்கொண்டது. அதற்கு ஃபிளவனால் செறிந்த பொடி என்றால் 2.5 கிராம், அதே வகை டார்க் சாக்லேட் என்றால் 10 கிராம். இரண்டுமே அழியாமல் பாதுகாத்துச் செய்த தனி ரகம். விண்ணப்பித்தது பாரி கால்பாட் என்ற பெரும் கோகோ நிறுவனம். அதே நிறுவனம் அமெரிக்காவிலும் கேட்டது. அங்கே 2023-இல் கிடைத்த அனுமதி வாசகத்தில், இதய நோய் அபாயம் குறையலாம் என்பதற்கு "மிகமிகக் குறைவான" அறிவியல் சான்றே உள்ளது என்று எழுதியாக வேண்டும். குறைந்தது 4 சதவீதம் ஃபிளவனால் உள்ள பொடிக்கு மட்டும்தான் அதுவும். சாதாரணக் கோகோ பவுடருக்கும் சாக்லேட்டுக்கும் செல்லாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சி கடையில் பாட்டில் நிறைய அடுக்கி வைத்திருக்கும் சாக்லேட்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அட்டையில் உட்பொருள்கள் எடை வரிசையில் இருக்கும், முதலில் சர்க்கரை. கோகோ எங்கேயோ பின்னால். மலிவான சிலவற்றில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. பிள்ளைகள் தின்னட்டும், அளவாக. மருந்தென்று நினைத்து யாரும் தின்ன வேண்டாம்.

டார்க் சாக்லேட் அப்படி இல்லைதான். எழுபது முதல் எண்பத்தைந்து சதவீதக் கட்டி நூறு கிராமில் சுமார் 600 கலோரி, 24 கிராம் சர்க்கரை, அதே அளவு நிறைகொழுப்பு. கோகோ வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம், அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றாது என்பது உண்மை. மிச்சத்தில் பால்மிடிக்கும் இருக்கிறது, அது ஏற்றும். இன்னொரு சங்கடம், உலோகம். 2022 கடைசியில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்ததில் 23-இல், தினம் ஓர் அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) சாப்பிட்டால் ஈயமோ கேட்மியமோ கவலைப்படும் அளவைத் தாண்டும் என்று வந்தது. கேட்மியத்தை மரம் மண்ணிலிருந்து இழுக்கிறது. ஈயம் பெரும்பாலும் கொட்டையை வெளியே காயவைக்கும்போது படியும் தூசியில் வருகிறது. கோகோ கூடக்கூட இவையும் கூடும். எப்போதாவது தின்கிறவர் பயப்பட ஒன்றுமில்லை. இதயத்துக்காகத் தினம் தின்பவரும், கர்ப்பிணிகளும், சின்னப் பிள்ளைகளும் யோசிக்க வேண்டும்.

இவ்வளவையும் சித்தப்பாவிடம் ஒரு சாயங்காலம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்த ஃபிளவனால் வேற எதுலதான்டா இருக்கு?" என்றார். நல்ல கேள்வி. ஆப்பிளில், திராட்சையில், எல்லாவற்றுக்கும் மேலாக டீயில் இருக்கிறது. 2022-இல் ஊட்டச்சத்து நிபுணர்கள் குழு ஒன்று இந்தக் குடும்பச் சேர்மங்களை நாளுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் எடுத்துக்கொள்ளலாம், மாத்திரையாக இல்லாமல் உணவாக, என்று சொன்னது. அந்த அளவைச் சில கோப்பைத் தேநீர் கிட்டத்தட்ட எட்டிவிடும். ஆனால் பெர்லினில் 2007-இல் 16 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், கடுந்தேநீர் ரத்தக்குழாயை விரித்தது, அதிலேயே பால் ஊற்றியதும் விரிவு காணாமல் போனது. பால் அப்படித் தடுப்பதில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

பால் இல்லாத டீயை அவர் டீ என்றே ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரையைப் பாதியாக்கும் பேச்சை மட்டும் விட்டுவிட்டார். சாக்லேட்டை விடவில்லை. இப்போது எழுபது பெர்சன்ட் வாங்குகிறார், எண்பத்தஞ்சு கசக்கிறதாம்.